கோழிக்கொட்டத்துக்குச் சாணி தெளித்தவள்

ஆரப்பாளையத்தில் பஸ் ஏறி வாடிப்பட்டியில் இறங்கி, கோழிப்பண்ணைக்காரர் வீடு எது என்று யாரிடம் வேண்டுமானாலும் கேளுங்கள். கை காட்டத் தெரியாதவன் வெளியூர்க்காரனாகத்தான் இருப்பான். பெருமைக்குச் சொல்லவில்லை. ஐந்தாம் வகுப்போடு பள்ளிக்கூடத்துக்குப் பெரிய கும்பிடு போட்டவன் நான். இன்றைக்கு நாலு கொட்டகை, ரெண்டு வண்டி, கே.கே. நகரில் மகனுக்கு மாடி வீடு. எல்லாம் இந்தக் கை கிளறிச் சேர்த்தது. கோழி காலால் கிளறித் தின்கிறது, நான் கையால் கிளறித் தின்றேன். அவ்வளவுதான் வித்தியாசம்.

இந்தத் தொழிலை யாரிடம் கற்றீர்கள் என்று கேட்கிறவர்களிடம், யாரிடமும் இல்லை, நானே கற்றுக்கொண்டேன் என்றுதான் இத்தனை காலமும் சொல்லி வந்திருக்கிறேன். அது முக்கால்வாசி உண்மை. மிச்சம் கால்வாசி என் அத்தையைச் சேர்ந்தது. அந்தக் கால்வாசிக்குள்ளே என் அம்மா ஒரு காரியம் செய்தாள். ஊரே சிரித்த காரியம். நானும் சேர்ந்து சிரித்தேன்.

எழுபதுகளின் கடைசி. வாடிப்பட்டிக்கு மேற்கே வாய்க்கால் பாசனத்து ஊர் எங்களுடையது. எனக்கு எட்டு வயசோ ஒன்பது வயசோ இருக்கும். அப்பாவுடன் கூடப்பிறந்த ஒரே தங்கை அத்தை. அவளைத் திருமங்கலம் பக்கம் கட்டிக்கொடுத்திருந்தது. புதுப்பெண்ணை ஆடி மாசத்துக்குப் பிறந்த வீட்டுக்கு அழைத்து வருவது எல்லா வீட்டிலும் உள்ளதுதானே. அப்படி ஆடிக்கு வந்தாள் அத்தை. ஆவணி பிறந்தது, அவள் போகவில்லை. தீபாவளிக்கு மாமா வந்து கூப்பிடுவார் என்று அதிரசம் சுட்டு வைத்தார்கள். அவர் வரவில்லை, அதிரசத்தை நான் தின்றேன். பொங்கலும் போனது. அங்கிருந்து ஆள் மூலமாக ஒரு புகார்தான் வந்தது. பெண்ணுக்கு வீடு கூட்டத் தெரியவில்லையாம். கூட்டினால் மூலையில் குப்பை நிற்கிறதாம்.

இதைக் கேட்டு அப்பாவைவிட அம்மாவுக்குத்தான் ஆத்திரம் வந்தது. ஏனென்றால் எங்கள் அம்மா கூட்டினால் அந்த இடத்தில் எறும்புகூட யோசித்துத்தான் கால் வைக்கும். விடியும் முன்னே வாசலுக்குச் சாணி தெளித்துக் கோலம் போட்டு, முற்றம், மாட்டுக்கொட்டம், கொல்லை என்று ஒரு சுற்று முடித்துவிட்டுத்தான் அடுப்பைப் பார்ப்பாள். “நான் கூட்டச் சொல்லிக்குடுத்த புள்ளயவா கொற சொல்றாக?” என்று விளக்குமாற்றைத் தரையில் தட்டினாள்.

இதற்கெல்லாம் முன்னாடி, அத்தை வந்த அந்த ஆவணியிலேயே, யூனியன் ஆபீஸில் பெண்களுக்குக் கோழி வளர்ப்பு வகுப்பு என்று கிராமசேவிகா அம்மா வீடு வீடாக வந்து சொன்னார். வீட்டில் சும்மா இருந்தது அத்தை ஒருத்திதான், போனாள். திரும்பி வரும்போது மூங்கில் கூடையில் வெள்ளைக் கோழிக்குஞ்சுகளும், தலைக்குள்ளே ஒரு விபரீத யோசனையும் கொண்டுவந்தாள். கோழி அடையும் இடத்தைக் கூட்டவே கூடாது என்பதுதான் அந்த யோசனை.

நாட்டுக்கோழி என்றால் பகலெல்லாம் தெருவில் மேயும், பொழுது சாய்ந்தால் பஞ்சாரத்தைப் போட்டுக் கவிழ்த்தால் முடிந்தது. இந்த வெள்ளைக்கோழி அப்படி இல்லை. வீட்டோடு கிடக்கும். பழைய மாட்டுக்கொட்டம் ஒன்று கொல்லையில் சும்மா கிடந்தது. அதைச் சுற்றிக் கம்பிவலையும் மூங்கில் தட்டியும் கட்டினாள் அத்தை. தரையில் ரைஸ் மில்லிலிருந்து உமியும் செக்கடியிலிருந்து கடலைத்தொலியும் கொண்டுவந்து ஒரு சாண் உயரத்துக்குக் கொட்டிப் பரப்பினாள். குஞ்சுகளை அதன்மேல் விட்டாள். எச்சம் அதிலேயே விழும். அள்ளக் கூடாது. கவைக்குச்சியால் தினம் ஒருதரம் கிளறிவிட்டு, எப்போதாவது சுண்ணாம்புத்தூள் தூவி, மேலே மேலே தொலி போட்டுக்கொண்டே போக வேண்டும். வருஷம் முடிந்து கோழியை மாற்றும்போதுதான் மொத்தமாக வெட்டி எடுப்பது. ஆழ்கூளம் என்று இப்போது புத்தகத்தில் போடுகிறார்கள். நாங்கள் வைத்த பெயர் மெத்தை.

“மனுசனுக்கே கோரப்பாய்தான். கோழிக்கு மெத்தயாக்கும்” என்றாள் அம்மா.

“நீங்களும் வேணா வந்து படுங்க மதினி.”

“வருசம் முச்சூடும் கூட்டாம ஒரு எடமா? மூதேவி வந்து சம்மணம் போட்டு ஒக்காந்துக்கிருவா, பாத்துக்க.”

“எங்க ஒக்காருவா? பூராவும் கோழில்ல நிக்குது.”

இருவருக்கும் இந்தச் சண்டை தினமும் நடக்கும். அம்மா விளக்குமாற்றோடு கொல்லைக்கு வருவாள், அத்தை கவைக்குச்சியோடு கொட்டத்து வாசலில் மறிப்பாள். நான் நடுவில் நின்று இரண்டு பக்கமும் சிரிப்பேன். ஆனால் நாளாக நாளாக நடந்த அதிசயத்தை அம்மாவாலும் மறுக்க முடியவில்லை. நாற்றம் வரவில்லை. எச்சம் விழுந்த இடம் தெரியாமல் மறைந்தது. தொலியும் உமியும் நைந்து மூக்குப்பொடி மாதிரி உதிரியாக ஆனது. உள்ளே கை விட்டால் வெதுவெதுவென்று இருக்கும். மார்கழிக் குளிரில் நான் பள்ளிக்கூடம் போகும் முன்னே அங்கே போய்ப் பாதத்தைப் புதைத்துக்கொண்டு நிற்பேன். கோழிகள் என் கால்விரலைப் புழு என்று நினைத்துக் கொத்தும்.

அந்த மெத்தைக்கு ஒரே ஒரு எதிரி தண்ணீர். ஒழுகிய தண்ணீர் பட்ட இடம் கட்டிதட்டிப் போகும். அப்புறம் அதிலிருந்து ஒரு நெடி கிளம்பும் பாருங்கள், மிளகாய்வற்றலை நெருப்பில் போட்டதுபோலக் கண்ணையும் மூக்கையும் காந்தும். கோழிக்குக் கண் வீங்கிப்போகும். ஒருதரம் நான் சொம்புத் தண்ணீரை அதன்மேல் தட்டிவிட்டேன். முதுகில் பளாரென்று விழுந்தது. திரும்பிப் பார்த்தால் அத்தை இல்லை, அம்மா! “தண்ணி படக்கூடாதுன்னு எத்தன தரம் சொல்றது?” என்று நனைந்த இடத்தை அவளே அள்ளிக் குப்பையில் போட்டுவிட்டு, புதுத்தொலியை நிரப்பினாள். அதற்குள் அவளும் மெத்தைக் கட்சிக்கு மாறியிருந்தாள். வெளியே சொல்லிக்கொள்ளவில்லை, அவ்வளவுதான்.

கோழி முட்டையிட ஆரம்பித்ததும் அத்தையின் நடையே மாறிப்போனது. வந்த புதிதில் சுவரோரமாகவே நடப்பாள். யாராவது சத்தமாகப் பேசினால் கையைத் தூக்கிக் காதோரம் வைத்துக்கொள்வாள். அதை ஒரு விளையாட்டு என்று நினைத்து நானும் செய்து காட்டுவேன். இப்போது முட்டைக்கூடையை இடுப்பில் வைத்துக்கொண்டு தெருவின் நடுவாக நடந்தாள். கோழிகளை அதட்டும் சத்தம் வாய்க்கால் கரை வரைக்கும் கேட்டது.

மாசி மாசம் ஒரு வெள்ளிக்கிழமை, பள்ளிக்கூடம் லீவு. கிணற்றடியில் அம்மா அத்தைக்கு எண்ணெய் தேய்த்துக் குளிப்பாட்டிக்கொண்டிருந்தாள். நான் சீயக்காய்க் கிண்ணத்தை எடுத்துக்கொண்டு போனேன். அத்தையின் முதுகில் விரல் நீளத்துக்குக் கோடு கோடாகத் தழும்பு. ஒன்றுக்குக் கீழே ஒன்று, வரிசையாக.

“என்ன அத்தே இது?”

“அடுப்புல பட்டிருச்சுடா.”

அடுப்பு எப்படி முதுகில் படும் என்று எனக்கு ஒரே யோசனை. அடுப்புக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்தா சமைப்பார்கள்? கேட்கலாம் என்று வாயைத் திறந்தேன். அம்மா கிண்ணத்தைப் பிடுங்கிக்கொண்டு என்னை அந்தப் பக்கம் போகச் சொன்னாள். திட்டவில்லை. அவள் திட்டாமல் ஒன்றைச் சொன்னது எனக்குத் தெரிந்து அதுதான் முதல்தரம்.

அன்றைக்கு அப்பா வாய்க்காலில் மாடு குளிப்பாட்டும்போது அவருக்குச் சோறு கொண்டு போனோம். நான் கரையில் உட்கார்ந்து கல்லெறிந்துகொண்டிருந்தேன். அம்மா ஏதோ தாழ்ந்த குரலில் சொன்னாள். அப்பா மாட்டின் கழுத்தைத் தேய்த்த இடத்திலேயே தேய்த்துக்கொண்டிருந்தார்.

“வாழப்போன எடத்துல முன்னப்பின்னத்தான் இருக்கும்” என்றார்.

“ஒங்க கூடப்பொறந்தவ அவ.”

“எனக்குத் தெரியாதா? அவுக ஊர்ப் பெரியவரு முன்னால வாக்குக் குடுத்துட்டேன். அவுக வந்து கூப்பிட்டா அனுப்பி வைக்கிறேன்னு சொல்லிட்டேன். இனி நான் மாத்திப் பேசுனா ஒரு பய நம்ம வீட்ல கையி நனைப்பானா?”

அம்மா எழுந்தாள். தூக்குச்சட்டியைக் கழுவி எடுத்துக்கொண்டு நடந்தாள். அப்பா அப்போதும் அதே இடத்தைத்தான் தேய்த்துக்கொண்டிருந்தார். அந்த மாடு பொறுமையான மாடு.

பங்குனியில் சேதி வந்தது. வருகிற வெள்ளிக்கிழமை மாமாவும் அவருடைய அம்மாவும் ஊர்ப் பெரியவரைக் கூட்டிக்கொண்டு வருகிறார்கள், அத்தையை அழைத்துப் போக. எனக்குத் தலைகால் புரியாத சந்தோஷம். மாமா வீட்டார் வந்தால் காராச்சேவும் பூந்தியும் கொண்டுவருவார்கள். அத்தையைக் கொண்டுபோய் விடப் போகிறவர்களோடு நானும் பஸ்ஸில் திருமங்கலம் வரைக்கும் போகலாம். இதை அத்தையிடமே சொல்லிக் குதித்தேன். அவள் கோழிக்குத் தீனி வைத்துக்கொண்டிருந்தாள். “போலாம்டா” என்று மட்டும் சொன்னாள். அன்று முழுக்கக் கொட்டத்தை விட்டு வெளியே வரவில்லை. மறுபடி மறுபடி கிளறிக்கொண்டே இருந்தாள். அப்படிக் கிளற வேண்டிய அவசியமே இல்லை.

அடுத்த நாள் அத்தை வீட்டுக்கு விலக்கானாள். அந்தக் காலத்தில் அதற்குத் தனி ஒழுங்கு. தெருப்பக்கம் சுவரோடு சாய்த்துக் கட்டிய சாய்ப்பில் தனியாக உட்கார வேண்டும், மூன்று நாளும் அடுப்படிக்கும் வரக் கூடாது, ஆடு மாடு கோழிப் பக்கமும் போகக் கூடாது, தலைக்கு ஊற்றிய பிறகுதான் எல்லாம். அதனால் கோழிக்கொட்டம் அம்மாவின் பொறுப்புக்கு வந்தது.

அன்று காலையில் அம்மா வாளியில் சாணியைக் கரைத்துக்கொண்டிருந்தாள். வாசலுக்கு என்று நினைத்தேன். வாளியைத் தூக்கிக்கொண்டு கொல்லைக்குப் போனாள். கொட்டத்துக் கதவைத் திறந்து, மெத்தைமேல் சளார் சளாரென்று தெளித்தாள். ஒரு வாளி தீர்ந்தது. “கெணத்துல எறச்சுக் கொண்டா” என்றாள். நான் சின்னக் குடத்தில் கொண்டுவரக் கொண்டுவர ஊற்றிக்கொண்டே இருந்தாள். கோழிகள் மூலைக்கு ஓடி இறக்கையை அடித்துக்கொண்டன.

“அம்மா, தண்ணி படக்கூடாதுன்னு நீதானே அன்னிக்கி என்னய அடிச்ச?”

“அது வெறுந்தண்ணி. இது சாணித்தண்ணி. விருந்தாளி வாராகள்ல, சுத்தமா இருக்க வேணாமா?”

எனக்கு அந்தப் பதில் நியாயமாகத்தான் பட்டது. சாணி தெளித்தால் சுத்தம். இது சின்னப் பிள்ளைக்கும் தெரியுமே. அத்தையிடம் சொல்லாதே, அவள் வந்து பார்க்கும்போது ஆச்சரியப்படட்டும் என்றாள் அம்மா. சாய்ப்பிலிருந்து அத்தை தினமும் என்னைக் கூப்பிட்டுக் கேட்பாள்.

“கோழிய யாருடா பாக்குறா? கெளறி விடுறீகளா?”

“அம்மா பாக்குது. நீ சும்மா இரு” என்று பெரிய மனுஷனாட்டம் சொல்வேன்.

அடுத்த நாளும் அம்மா தெளித்தாள். அதோடு விட்டாளா? தூசி வராமல் இருக்கட்டும் என்று வலையைச் சுற்றி நான்கு பக்கமும் சாக்குப்படுதாவைக் கட்டி இறக்கினாள். பங்குனி வெயில் ஓட்டின்மேல் காய்ந்தது. உள்ளே மெத்தை அவிந்தது. வெள்ளிக்கிழமை விடியும்போது, நான் சாக்கைத் தூக்கி மூக்கை நீட்டினேன். எவனோ கண்ணுக்குள் மிளகாய்ப்பொடியை ஊதிய மாதிரி இருந்தது. இருமிக்கொண்டே ஓடிவந்தேன்.

அத்தை தலைக்கு ஊற்றிக்கொண்டு ஈரக்கூந்தலோடு நேராகக் கொட்டத்துக்குத்தான் போனாள். கதவைத் திறந்ததும் முந்தானையால் முகத்தைப் பொத்திக்கொண்டாள். ஒரு கோழி கண்ணைத் திறக்க முடியாமல் தலையைச் சாய்த்துக்கொண்டு நின்றது.

“அய்யோ மதினி! என்ன மதினி இது?”

சண்டை வெடிக்கப் போகிறது என்று நான் வசதியான இடம் பார்த்து நின்றேன். அத்தை கவைக்குச்சியைக் கையில் எடுத்துவிட்டாள். அம்மா வந்து அந்தக் குச்சியைப் பிடித்துக்கொண்டாள்.

“கெளறாத தாயி. அப்படியே கெடக்கட்டும். அவுக வந்துட்டுப் போகட்டும்.”

அத்தை அம்மாவின் முகத்தையே பார்த்தாள். பிறகு குச்சியை விட்டுவிட்டாள். சாக்கை அவளே இழுத்து இறக்கிவிட்டு, தலையைத் துவட்டிக்கொண்டு வீட்டுக்குள் போய்விட்டாள். புருஷன் வரப்போகிறான் என்றதும் கோழிமேல் இருந்த பாசமெல்லாம் போய்விட்டது பார், என்று நான் நினைத்தேன். எனக்குக் கொஞ்சம் கோபம்கூட வந்தது.

பத்து மணி பஸ்ஸில் வந்து இறங்கினார்கள். மாமா சலவை வேட்டி, முகத்தில் பவுடர். அவருடைய அம்மா பட்டுச்சேலை கட்டி, செருப்பைக் கழற்றி வைக்கும்போதே தரையை ஒரு நோட்டம் விட்டார். பின்னால் ஊர்ப் பெரியவர். காராச்சேவுப் பொட்டலம் பெரியதாகவே இருந்தது.

விருந்தாளி வந்தால் முன்பக்கப் பட்டாசாலையில் பாய் விரிப்பதுதான் எங்கள் வீட்டு வழக்கம். அன்றைக்கு அம்மா கொல்லையில் வேப்பமரத்தடியில் ஜமுக்காளம் விரித்திருந்தாள். “வாங்கண்ணே, வாங்க பெரியம்மா. உள்ள புழுக்கம். இங்கன காத்தோட்டமா இருக்கும்.” கொட்டத்துக்கும் ஜமுக்காளத்துக்கும் நடுவே பத்தடிகூட இருக்காது.

அப்பாவுக்கே ஆச்சரியம்தான். ஆனால் வந்தவர்கள் முன்னே என்ன சொல்வார்? “ஒக்காருங்க மாப்ள” என்றார். மோர் வந்தது. பெரியவர் தொண்டையைச் செருமிப் பேச்சை ஆரம்பித்தார். புதுசாகக் குடித்தனம் ஆனால் நாலு சங்கடம் வரத்தான் செய்யும், பொண்ணும் சின்ன வயசு, பையனும் சின்ன வயசு என்று அவர் சொல்லிக்கொண்டிருக்கும்போது, “கோழிக்கு வேக்காடா இருக்குமே” என்று சொல்லிக்கொண்டே அம்மா போய்ச் சாக்குப்படுதாவைச் சுருட்டி மேலே கட்டினாள்.

அவ்வளவுதான். பெரியவர் ஒரு வாக்கியத்தின் பாதியில் நின்றார். மாமா கண்ணைக் கசக்கினார். கசக்கக் கசக்கப் பவுடருக்கு நடுவே இரண்டு வாய்க்கால் ஓடியது. அவருடைய அம்மா பட்டு முந்தானையை மூக்கில் வைத்துக்கொண்டு எழுந்தேவிட்டார்.

“என்ன கண்றாவி நாத்தம் இது?”

“கோழிக்கொட்டம் பெரியம்மா. ஒங்க மருமக வளக்குறா. இதுக்குக் கூட்டவே கூடாதாம், அதான் மொறையாம். வந்த நாள்லருந்து ஒருநாள் கூட்டலியே!” அம்மா அவ்வளவு சிரித்த முகத்தோடு பேசி நான் பார்த்ததில்லை. “கோழின்னா அவளுக்கு உசுரு. விட்டுட்டு வரமாட்டா. ஒங்க வீட்டு முத்தத்துல இம்புட்டு எடம் விட்டாப் போதும், தொலியப் பரப்பிக்கிருவா. நாங்களே வண்டி வச்சுக் கொண்டாந்து எறக்கிருவோம்.”

“எங்க முத்தத்துலயா!”

இந்த இடத்தில்தான் நான் பேசினேன். நம் அத்தைமேல் இப்படி ஒரு பழியைப் போட்டு அனுப்பலாமா? உண்மை தெரிந்தவன் நான் ஒருத்தன்தானே?

“இது அத்த மேல தப்பு இல்ல! அத்த இருந்தப்ப நாறவே நாறாது. எங்கம்மாதான் வாளி வாளியா தண்ணி ஊத்துச்சு!”

எல்லோரும் அம்மாவைப் பார்த்தார்கள். கொல்லைப்பக்கத்து வாசற்படியில் நின்ற அத்தை நிலைக்கதவைப் பிடித்துக்கொண்டாள். அப்பாவின் முகத்தில் ரத்தம் ஏறியது. எனக்கு ஒரே பெருமை, ஒரு சொல்லில் எல்லாரையும் வாயடைக்க வைத்துவிட்டேன் என்று.

அம்மா கொஞ்சமும் அசரவில்லை. “ஆமா, தெளிச்சேன். அதுக்கென்ன? விருந்தாளி வாராகன்னு வாசலுக்குச் சாணி தெளிப்பமா மாட்டமா? கோழி மட்டும் அழுக்குல நிக்கணுமா?” என்றாள். அப்படியே பச்சைப்பிள்ளை மாதிரி விழித்துக்கொண்டு.

மாமாவின் அம்மா தலையில் அடித்துக்கொண்டார். “ஒருத்தி வருசமெல்லாம் கூட்ட மாட்டா. இன்னொருத்தி கோழிக்குச் சாணி தெளிச்சுக் கோலம் போடுவா. என்னடா குடும்பம் இது? ஏலே, எந்திரிடா. நல்ல நாள் பாத்து நாமளே சொல்லி அனுப்புவோம்.”

நல்ல நாள் பார்க்கிறவர்கள் அப்படி ஓடமாட்டார்கள். இலை போட்டிருந்தது, ஒருவர்கூட உட்காரவில்லை. பெரியவர் மட்டும் துண்டால் கண்ணைத் துடைத்துக்கொண்டே வாசலில் நின்று அப்பாவிடம் சொன்னார்: “கூப்பிட வந்ததும் அவுக. விட்டுட்டுப் போறதும் அவுகதான். ஒன் வாக்குல கொறயில்லப்பா.”

அப்பா தெருமுனை வரைக்கும் அவர்களை வழியனுப்பிவிட்டு வந்தார். வந்து அம்மாவைத் திட்டினார் பாருங்கள், அண்டை வீடுகளெல்லாம் அடுப்பை விட்டுவிட்டு வந்து கேட்டன. அறிவு கெட்டவளே, கோழிக்குப் போய் எவளாவது சாணி தெளிப்பாளா, மானத்தை வாங்கிட்டியே என்றார். அம்மா தலையைக் குனிந்துகொண்டு இலைகளைச் சுருட்டிக்கொண்டிருந்தாள். திட்டி முடித்ததும் அப்பா துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு வண்டியைப் பூட்டினார். எங்கே போகிறார் என்று யாருக்கும் தெரியவில்லை. பொழுது சாயும் முன்னே வண்டி நிறைய உலர்ந்த கடலைத்தொலி மூட்டையோடு வந்தார். கொட்டத்து வாசலில் இறக்கிப் போட்டார். கோபமாக இருக்கிற மனிதர் எதற்கு இந்த வேலை செய்கிறார் என்று எனக்கு விளங்கவில்லை.

மெத்தையைச் சரிசெய்ய நாட்கள் ஆயின. அம்மாவும் அத்தையும் முந்தானையை மூக்கோடு சேர்த்துக் கட்டிக்கொண்டு ஈரமான கட்டிகளை வெட்டி அள்ளினார்கள். சுண்ணாம்பு தூவினார்கள். புதுத்தொலியைப் போட்டுப் போட்டுக் கிளறினார்கள். சில கோழிகள் கண் வீங்கிச் செத்தன. மற்றவை பிழைத்துக்கொண்டன.

அம்மாவுக்குத்தான் பெயர் நிலைத்துவிட்டது. வாய்க்காலில் துணி துவைக்கப் போனால், “யாரு, கோழிக்குச் சாணி தெளிச்சவளா?” என்பார்கள். கல்யாண வீட்டில் ஆட்டுக்கல்லைச் சுற்றி உட்கார்ந்து கேட்பார்கள், கோழிக்குப் பொட்டு வச்சு விட்டியாடி என்று. ஊரிலேயே சுத்தத்துக்குப் பேர்போனவள் ஊரிலேயே பெரிய அசடாகிவிட்டாள். அம்மா கோபித்துக்கொண்டதே இல்லை. “வச்சேன், அழிச்சிருச்சு” என்று அவர்களோடு சேர்ந்து சிரிப்பாள். அவளுடைய கடைசிக்காலம் வரைக்கும் அந்தப் பெயர் போகவில்லை. அத்தை எங்கள் வீட்டை விட்டுப் போகவும் இல்லை.

எனக்குத்தான் மானக்கேடாக இருந்தது. பள்ளிக்கூடத்தில் பயல்கள் கேலி செய்தார்கள். இப்படி ஒரு விவரம் தெரியாத அம்மாவை வைத்துக்கொண்டு எப்படிக் காலம் தள்ளுவது? அவளுக்குச் சொல்லிக்கொடுப்பதைத் தவிர வேறு வழியில்லை என்று முடிவு செய்தேன். ஒருநாள் சாயங்காலம் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு கொட்டத்துக்குள் போனேன். அத்தை மூலையில் முட்டை பொறுக்கிக்கொண்டிருந்தாள்.

“இங்க பாரும்மா. மெத்தய ஒரு கை அள்ளணும். இறுக்கிப் புடிக்கணும். கையத் தொறந்தா உதுந்து போகணும். உருண்டையா நின்னுச்சுன்னா ஈரம் சாஸ்தின்னு அர்த்தம். தண்ணி ஆகவே ஆகாது. சாணித்தண்ணியும் தண்ணிதான். வெளங்குச்சா?”

என் வாழ்க்கையில் நான் இந்தத் தொழிலில் நடத்திய முதல் பாடம் அது. அம்மா ரொம்பக் கவனமாகக் கேட்டாள். குனிந்து ஒரு கை அள்ளினாள். இறுக்கினாள். திறந்தாள். பழகிய கைக்கு வருகிற மாதிரி அப்படியே பொலபொலவென்று விரலிடுக்கில் உதிர்ந்தது.

“இப்படியாய்யா?” என்றாள்.

“ஆங், அப்படித்தான்.”

“இம்புட்டு நாளா எனக்குத் தெரியாமப் போச்சே.”

அத்தை முட்டைக்கூடையைக் கீழே வைத்துவிட்டுச் சுவர்ப்பக்கம் திரும்பிக்கொண்டாள். முந்தானையை வாயில் அடைத்திருந்தாள். தோள் இரண்டும் குலுங்கின. பாவம், செத்துப்போன கோழிகளை நினைத்து அழுகிறாள் என்று எனக்கு மனசு இளகிவிட்டது. பக்கத்தில் போய் அவள் சேலையைப் பிடித்து இழுத்தேன்.

“அழுகாத அத்தே” என்றேன். “இனிமே அம்மா அப்படிச் செய்யாது. நான் சொல்லிக்குடுத்துட்டேன்ல.”